இளையோருக்கு வழித்துணையாதல்

சைவ மக்களின் வாழ்விலே ஆலயம் நடுநாயகமாக விளங்குகின்றது. அதிகாலையில் திருவீதியைக் கூட்டுபவர், பூமாலை கட்டுபவர், மடப்பள்ளிக்கு விறகு கொண்டுவந்து கொடுப்பவர், திருவிழாக் காலத்தில் சுவாமி காவுபவர், அன்னதானத்தில் பந்தி பரிமாறுபவர் என ஒவ்வொருவரும் தம்மால் இயன்ற தொண்டினைச் செய்து வருகின்றனர். இத்தொண்டுகளின் பயன் உடனேயே கண்ணுக்குத் தெரிகின்றது. கூட்டிய வீதி அந்தக் காலையிலேயே துப்புரவாகின்றது. கட்டிய மாலை அன்றைய பூசையிலேயே சுவாமிக்குச் சாத்தப்படுகின்றது. பரிமாறிய சோற்றால் அன்றே ஒருவரின் பசி ஆறுகின்றது.

பயன் உடனே தோன்றாத தொண்டுகளும் உண்டு. தன் வயிற்றில் பிறவாத ஒரு பிள்ளை வழி தெரியாமல் நிற்கும்போது அருகில் நின்று, அப்பிள்ளை தன் காலில் நடக்கும்வரை துணையாக இருப்பது அவற்றுள் ஒன்று. இதற்கு உபயகாரர் பட்டியலில் இடமில்லை. ஒலிபெருக்கியில் பெயர் வாசிக்கப்படுவதுமில்லை. சில வேளைகளில் ஆண்டுகள் சென்றாலும் பயன் தெரிவதில்லை. ஆயினும் இன்றைய கிராமங்களுக்கு இத்தொண்டு மிகவும் வேண்டப்படுகின்றது.

1983 முதல் 2009 வரை நீண்ட போரும், 2004 டிசெம்பர் 26இல் வந்த ஆழிப்பேரலையும் பல பிள்ளைகளைத் தாயோ தந்தையோ இல்லாதவர்களாக்கின. இடப்பெயர்வும் வெளிநாட்டுப் பயணமும் ஒரே வளவில் வாழ்ந்த பெரியப்பா, சித்தப்பா, மாமா, அப்பு, ஆச்சி என்ற சுற்றத்தைத் திசைக்கொன்றாகச் சிதறடித்தன. முன்னர் ஒரு பிள்ளை தவறினால் கண்டிக்கவும், கலங்கினால் தேற்றவும் நாலு பேர் இருந்தனர். இன்று பல வீடுகளில் வேலைக்குப் போய்க் களைத்துவரும் தாய் ஒருத்தியே இருக்கின்றாள். மீதி நேரத்துக்குக் கைத்தொலைபேசியும் சந்தி மதவடியுமே பிள்ளைக்குத் துணையாகின்றன.

இந்நிலையில் மூன்று கேள்விகள் எழுகின்றன. தன் பிள்ளையல்லாத ஒருவரின் வாழ்விலே புகுந்து வழிசொல்ல ஒருவருக்கு என்ன உரிமை உண்டு? வழிசொல்லியும் அப்பிள்ளை தவறினால் துணை நின்றவர் செய்யத்தக்கது யாது? தொடங்கிய துணையை இடையில் விட்டுவிட்டால், செய்தவரையில் அது புண்ணியமாகுமா? இம்மூன்றையும் சைவநெறி நின்று சிந்திப்பது பயனுடையது.

குருவும் ஆசிரியரும் வழித்துணையும்

முதலில் வழித்துணை என்பவர் யார் என்பது தெளிவாக வேண்டும். குரு ஞானத்தை உபதேசித்துப் பிறவிப்பிணியை நீக்குபவர். நல்லூர்த் தேரடியிலே செல்லப்பா சுவாமிகள் இருந்ததும், அவரைக் கண்ட யோகசுவாமிகள் (1872 – 1964) அவரையே குருவாகக் கொண்டதும் ஈழத்துச் சைவர் அறிந்தவை. அத்தகைய குருத்துவம் எல்லோர்க்கும் வாய்ப்பதன்று. ஆசிரியர் பாடத்தைக் கற்பிப்பவர். 1848ஆம் ஆண்டு வண்ணார்பண்ணையில் ஆறுமுக நாவலர் பெருமான் தொடங்கிய சைவப்பிரகாச வித்தியாசாலை முதல் இன்றைய பாடசாலைகள் வரை அப்பணி முறையாக நடைபெற்று வருகின்றது.

வழித்துணையாக நிற்பவர் இவ்விருவரிலும் வேறானவர். அவருக்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. பதவியும் வேண்டியதில்லை. ஒரு மேசனும் வழித்துணையாகலாம், தோட்டக்காரரும் ஆகலாம், ஓய்வுபெற்ற தாதி ஒருவரும் ஆகலாம். பிள்ளையைவிடச் சிறிது தூரம் முன்னே நடந்து, அந்த வழியிலுள்ள முள்ளையும் பள்ளத்தையும் கண்டிருத்தலே அவருக்குரிய தகைமை.

ஆங்கிலத்தில் இத்தகையவரை ‘மென்ரர்’ என்பர். இது கிரேக்கரின் பழைய காவியமாகிய ஒடிசியில் வரும் ஒரு முதியவரின் பெயர். போருக்குச் சென்ற ஒடிசியஸ் தன் வீட்டை நண்பராகிய மென்ரரிடம் ஒப்படைத்துச் சென்றான். தந்தை திரும்பி வராது கலங்கிய மகனுக்கு வழிகாட்ட, அதீனா என்னும் தெய்வம் அந்த மென்ரரின் உருவிலே வந்ததாக அக்காவியம் கூறுகின்றது. சைவ சித்தாந்திகளுக்கு இது புதுமையன்று. காட்டு மானைப் பிடிக்க வேடர் பழக்கிய மானைக் காட்டுவது போல, உயிர்களை ஆட்கொள்ள இறைவன் மானிட உருவிலேயே வருகின்றான் என்பது அவர்கள் கூறும் உவமை. மனிதருக்கு மனிதர் மூலமே பல நன்மைகள் வந்து சேருகின்றன.

உரிமையா, கடமையா?

முதலாவது கேள்விக்கு விடை ஊர்வழக்கிலேயே உள்ளது. இரத்த உறவில்லாத பெரியவரைக் கண்டால் ஊர்ப்பிள்ளை “மாமா” என்கின்றது. வயதான அம்மாவை “ஆச்சி” என்கின்றது. அவர்களும் “என்ன மோனை” என்று பதில் சொல்கின்றனர். முறை சொல்லி அழைக்கப்பட்டவருக்கு அந்த முறைக்குரிய பொறுப்பும் வந்துவிடுகின்றது. மாமா என்று அழைத்த பிள்ளை பாடசாலைக்குப் போகாமல் மதவடியில் இருக்கக் கண்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவது அந்த அழைப்பைப் பொய்யாக்குவதாகும். ஆகவே இதனை உரிமை என்பதிலும் கடமை என்பதே பொருந்தும்.

ஆனால் கடமைக்கும் எல்லை உண்டு. பதி, பசு, பாசம் என்னும் மூன்றும் அநாதி என்பது சித்தாந்தம். ஒரு பிள்ளையின் உயிரை வழித்துணையாளர் படைக்கவில்லை, பெற்றோரும் படைக்கவில்லை. ஒவ்வோருயிரும் தன் வினையோடும் தன் பக்குவத்தோடும் வந்துள்ளது. சூரியன் எல்லாத் தாமரைகளுக்கும் ஒன்றுபோலவே ஒளி தருகின்றது. மலரும் பருவத்தில் உள்ள மொட்டே அன்று மலர்கின்றது. மற்றையது காத்திருக்கின்றது. மொட்டைக் கையாற் பிரித்தால் அது மலராகாது, கிழிந்துவிடும். எல்லாம் வல்ல இறைவனே உயிரின் பக்குவம் வரும்வரை காத்திருப்பானாயின், மனிதர் அவசரப்படுவது எவ்வாறு தகும்? தான் ஆக முடியாத டொக்டராகவோ எஞ்சினியராகவோ அப்பிள்ளையை ஆக்கிப் பார்க்க எண்ணுபவர் தன் ஆசைக்கு ஓர் ஆளைத் தேடுகின்றார். வழித்துணையாளர் பிள்ளை போகவேண்டிய வழியைத் தானே தெரிவு செய்யும் அளவுக்குத் தெளிவு பெற உதவுவார்.

திலகவதியார் காத்திருந்த காலம்

சைவ உலகிலே இத்தொண்டுக்கு இலக்கணமாக நிற்பவர் திலகவதியார். சேக்கிழார் சுவாமிகள் அருளிய பெரியபுராணத்தில் அவர் வரலாறு விரிவாக உள்ளது. திருவாமூரிலே புகழனாருக்கும் மாதினியாருக்கும் பிறந்தவர் அவர். தந்தையார் இறந்தார், தாயார் உடன் உயிர் நீத்தார். அவருக்கு மணம் பேசப்பட்டிருந்த கலிப்பகையாரும் போர்க்களத்தில் மாண்டார். உயிர் விடத் துணிந்த திலகவதியாரின் அடிகளில் தம்பியாகிய மருணீக்கியார் விழுந்து அழுதார். அத்தம்பிக்காகவே அவர் உயிர் தாங்கினார்.

அவ்வாறு வளர்க்கப்பட்ட தம்பி பின்னர் சமண சமயம் புகுந்து, பாடலிபுத்திரத்திலே தருமசேனர் என்னும் பெயருடன் தலைமை பெற்றார். தமக்கையார் வருந்தினார். ஆயினும் தம்பியைத் தேடிச் சென்று வாதிட்டதாகவோ, ஊரறியத் தூற்றியதாகவோ புராணம் கூறவில்லை. அவர் திருவதிகை வீரட்டானத்தை அடைந்து, விடியற்காலையில் திருக்கோயிலை அலகிட்டு, சாணத்தால் மெழுகி, மலர் பறித்து மாலை தொடுத்துத் தொண்டு செய்தார். தம்பியைக் காத்தருளுமாறு நாள்தோறும் பெருமானிடம் வேண்டினார்.

தம்பிக்குச் சூலைநோய் வந்தது. சமையற்காரர் ஒருவரை அனுப்பித் தமக்கையாரை வருமாறு அழைத்தார். தாம் அங்கே வருவதில்லை என்று திலகவதியார் மறுத்துவிட்டார். இந்த இடம் கவனிக்கத்தக்கது. அன்பு இருந்தும் அவர் தம் நெறியைத் தளர்த்தவில்லை. ஆனால் அன்றிரவே தம்பி திருவதிகைக்கு வந்து அடிபணிந்தபோது பழையதைக் கூறிக் கடிந்தாருமில்லை. திருவைந்தெழுத்தை ஓதித் திருநீற்றைக் கொடுத்து, திருப்பள்ளியெழுச்சி வேளையில் அவரைத் திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்றார். அன்று உள்ளே சென்றவரே திருநாவுக்கரசு நாயனாராகச் சைவ உலகுக்குக் கிடைத்தார்.

இவ்வரலாற்றைச் சூலைநோய் தீர்ந்த அற்புதமாகவே பலரும் நினைவிற் கொள்கின்றனர். அதற்கு முன்னர் பயன் தெரியாமல் கழிந்த காலமும் நினைக்கத்தக்கது. மருணீக்கியாருக்கு இந்நிலவுலகில் வேறு உறவில்லை. துன்பம் வந்த இரவில் நடந்து வந்து சேர அவருக்கு ஓரிடம் இருந்தது. அந்த இடத்தை விட்டு விலகாமல் ஒருவர் இருந்தார். வழித்துணையின் சாரம் இதுவே. திரும்பி வருபவனுக்கு வந்து சேர ஓர் இடமாக இருத்தலே அத்தொண்டு.

ஓர் உதாரணம்

இதனை இன்றைய ஊர்நிலையில் வைத்து விளங்கிக்கொள்ள இருவரை மனதில் எண்ணிப் பார்க்கலாம். ஒருவர் சங்கக்கடையில் முகாமையாளராக இருந்து ஓய்வுபெற்றவர். ஊரார் இன்றும் அவரை ‘மனேச்சர்’ என்றே அழைக்கின்றனர். மற்றவன் பதினாறு வயதுப் பெடியன். தகப்பன் இல்லை. தாய் வெங்காயத் தோட்டங்களில் கூலிவேலை செய்கின்றாள். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் தவறிவிட்டது. பகலெல்லாம் மதவடியில் இருக்கின்றான்.

தாயின் சம்மதத்தோடு மனேச்சர் அவனை வெள்ளிதோறும் மாலைப் பூசை முடிந்ததும் தேர்முட்டிப் படியில் சந்திப்பதென்று தீர்மானிக்கின்றார். முதல் இரண்டு வெள்ளியும் அவரே பேசுகின்றார். தாம் படித்த காலம், பட்ட கஷ்டம், அந்தக் காலப் பிள்ளைகளின் ஒழுக்கம் என நீண்ட பிரசங்கம். மூன்றாம் வெள்ளி பெடியன் வரவில்லை. மனேச்சருக்குக் கோபம் வருகின்றது. பின்னர் சிந்தனை வருகின்றது. அடுத்த வெள்ளியும் அவர் அதே படியில் இருக்கின்றார். அதற்கடுத்த வெள்ளியும் இருக்கின்றார். ஆறாம் வெள்ளி அவன் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து தூரத்தில் நிற்கின்றான். “சாப்பிட்டியே தம்பி?” என்று மட்டுமே அவர் கேட்கின்றார். அன்றுதான் அவன் வாய் திறக்கின்றான்.

மாதங்கள் செல்கின்றன. கணிதத்துக்கு மீண்டும் விண்ணப்பிக்கின்றான். ஆலயத்தில் சிறு வேலைகளுக்கும் நிற்கின்றான். திருவிழாவின் ஒரு நாள் அர்ச்சனைச் சிட்டை மேசையில் மூவாயிரம் ரூபா குறைகின்றது. எடுத்தவன் அவனே. ஊர் வாய் திறக்கின்றது: “அப்பவே சொன்னனாங்கள், இந்த மனேச்சருக்கு வேற வேலையில்லை.”

இரண்டாவது கேள்வி இங்கேதான் எழுகின்றது. மனேச்சருக்கு முன்னே இலகுவான இரண்டு வழிகள் உண்டு. மூவாயிரத்தைத் தம் கையிலிருந்து வைத்து விடயத்தை மறைத்துவிடலாம். அது இரக்கம் போலத் தோன்றும். ஆனால் களவுக்குக் கூலி கொடுத்ததாக முடியும், கோயிற் கணக்கும் பொய்யாகும். அன்றேல், இவன் திருந்தாதவன் என்று கைகழுவிவிடலாம். அது நீதி போலத் தோன்றும். ஆனால் தம் மானத்தைக் காத்துக்கொள்ளும் செயலாகவே அது அமையும். இரண்டிலும் பிள்ளை தனியே விடப்படுகின்றான்.

மனேச்சர் மூன்றாவது வழியிற் செல்கின்றார். பெடியனைத் தனியே கடிந்து அழவைக்காமல், “பரிபாலன சபைக்கு நான் உன்னோட வாறன். ஆனா சொல்லுறது நீதான்” என்கின்றார். சபையின் முன் அவன் தானே சொல்கின்றான். காசு திருப்பிக் கொடுக்கும்வரை ஞாயிறுதோறும் ஆலய வளவில் வேலை செய்வதென்று முடிவாகின்றது. முதல் ஞாயிறு புல்லுச் செருக்க அவன் வரும்போது மனேச்சரும் மண்வெட்டியோடு வந்து நிற்கின்றார். குற்றத்தை மறைப்பது வேறு. குற்றம் செய்தவனைக் கைவிடாதிருப்பது வேறு. தம்பி அழைத்த இடத்துக்குச் செல்ல மறுத்து, தம்பி வந்தபோது திருநீறு கொடுத்து ஏற்றுக்கொண்ட திலகவதியார் காட்டிய வழியும் இதுவே.

இந்த உதாரணத்தில் பெடியன் பின்னர் பரீட்சையில் சித்தியடைந்தானா என்ற கேள்வி எழலாம். சித்தியடைந்திருக்கலாம், அடையாமல் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்ந்திருக்கலாம். மீண்டும் ஒருமுறை தவறியும் இருக்கலாம். எந்த முடிவாயினும், அந்த ஞாயிறு மனேச்சர் மண்வெட்டியோடு நின்றதன் தகுதி குறைவதில்லை. பயனை இறைவன் திருவடியில் வைத்துவிட்டுச் செய்வதனாலேயே அது தொண்டாகின்றது.

இடையில் விடுதலும் ஒரு தீங்கு

மூன்றாவது கேள்வியே மிகவும் கடினமானது. நல்ல காரியத்தைச் சிறிதளவேனும் செய்தால் அந்தளவுக்கு நன்மைதானே என்று பலர் எண்ணுவர். வீதி கூட்டுவதில் இது சரி. அரைவாசி கூட்டினால் அரைவாசி துப்புரவாகும். பிள்ளையின் மனம் அவ்வாறானதன்று.

அமெரிக்காவின் நியூயோர்க் நகரிலே 1904ஆம் ஆண்டில், சிறுவர் நீதிமன்றத்தில் எழுதுவினைஞராக இருந்த ஏர்னஸ்ட் கோல்ற்றர் என்பவர், நீதிமன்றுக்குக் கொண்டுவரப்படும் சிறுவர்களின் நிலை கண்டு மனம் நொந்தார். ஒவ்வொரு சிறுவனுக்கும் ஒரு பெரியவர் அண்ணனாக நின்றால் என்ன என்று அவர் விடுத்த அழைப்பிலிருந்தே ‘பெரிய அண்ணன்மார்’ இயக்கம் வளர்ந்தது. அவ்வியக்கத்தில் சேர்ந்த 10 முதல் 16 வயது வரையிலான 959 பிள்ளைகளைப் பற்றிய ஆய்வொன்று 1995இல் வெளிவந்தது. பெரியவர் ஒருவரின் துணையைப் பெற்ற பிள்ளைகள், அத்துணைக்காகக் காத்திருந்த பிள்ளைகளிலும் பார்க்க, போதைப்பொருளைப் புதிதாகத் தொடங்குவது 46 சதவீதம் குறைவாக இருந்ததாக அதிற் கண்டனர். போதைப்பொருளால் தாய்மார் கண்ணீர் வடிக்கும் இக்காலத்தில் இது சிந்தனைக்குரியது.

ஆனால் அதே பிள்ளைகளின் தகவல்களை மீண்டும் ஆராய்ந்து 2002இல் கிறோஸ்மன், றோட்ஸ் என்னும் இருவர் வெளியிட்ட கட்டுரை வேறொன்றையும் காட்டியது. ஓராண்டோ அதற்கு மேலோ நீடித்த துணையே பிள்ளைகளுக்கு மிகுந்த நன்மை தந்தது. மூன்று மாதத்துக்குள் முறிந்த துணையைப் பெற்றவர்களிடம் தம்மைப் பற்றிய நன்மதிப்பே குறைந்து காணப்பட்டது. காரணத்தை விளங்கிக்கொள்வது கடினமன்று. ஏற்கனவே ஒருவரால் கைவிடப்பட்ட பிள்ளை, இரண்டாவதாக வந்தவரும் போய்விட்டால், குறை தன்னிடமே உள்ளதென்று முடிவுகட்டிவிடும்.

ஆகவே இத்தொண்டில் தொடங்குதலுக்கு முன்னர் தன்னைத்தான் சோதித்தல் வேண்டும். விரதம் பிடிக்க நினைப்பவர் முதலில் தன் உடல்நிலையை எண்ணிப் பார்க்கின்றார். கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் இருக்க முடியுமா என்று பார்த்தே தொடங்குகின்றார். அதுபோல, ஓராண்டுக்கு வாரம் ஒரு மணி நேரம் தவறாமல் கொடுக்க முடியுமா என்று பார்த்தே ஒரு பிள்ளைக்கு வாக்குக் கொடுத்தல் வேண்டும். முடியாதெனின் தொடங்காதிருப்பதே நல்லது. வேறு தொண்டுகள் ஆலயத்தில் நிறைய உண்டு. நோயோ பயணமோ வந்து நிறுத்த நேர்ந்தால், சொல்லாமல் மறையாது, நேரிற் சொல்லி, இன்னொருவரை அறிமுகப்படுத்திப் பிரிவதே அறமாகும்.

நீண்டகாலத் துணையின் வலிமைக்கு இன்னொரு சான்றும் உண்டு. ஹவாய்த் தீவுகளுள் ஒன்றாகிய கவாயியில் 1955இல் பிறந்த 698 பிள்ளைகளை எமி வேணர் என்னும் அறிஞரும் அவருடன் பணிபுரிந்தோரும் அவர்கள் நடுவயதை அடையும்வரை தொடர்ந்து அவதானித்தனர். வறுமையும் குடும்பக் குழப்பமும் சூழ்ந்து, கெட்டுப்போகக்கூடும் என எண்ணப்பட்ட பிள்ளைகளுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் நல்லவர்களாக, தன்னம்பிக்கை உடையவர்களாக வளர்ந்திருந்தனர். அவர்களுக்குத் துணையாக இருந்தவற்றுள் முக்கியமான ஒன்று, பெற்றோரோ, பாட்டியோ, ஆசிரியரோ, அயலவரோ, யாராவது ஒரு பெரியவரின் மாறாத அன்பு. பலர் வேண்டியிருக்கவில்லை, ஒருவர் போதுமாயிருந்தது.

பெரியவர் கற்கும் பாடம்

வழித்துணையாளருக்கு ஓர் ஆபத்து உண்டு. அது ஆணவம். ‘என்னால்தான் இவன் ஆளானான்’ என்ற எண்ணம் உள்ளே புகுந்தால் தொண்டு பழுதாகிவிடும். நன்றியை எதிர்பார்ப்பவர் அப்பிள்ளையைத் தம் கடன்காரனாக்கிவிடுகின்றார்.

இந்த ஆபத்துக்குச் சைவம் தரும் மருந்து மிகவும் அருமையானது. சுவாமிமலையிலே குமரன் பிரணவப் பொருளைக் கூற, தந்தையாகிய சிவபெருமான் சீடனாக நின்று செவிமடுத்தார். திருப்பூந்துருத்தியிலே முதியவராகிய அப்பர் பெருமான், சிறியவராகிய திருஞானசம்பந்தர் எழுந்தருளிய சிவிகையைத் தம் தோளிலே தாங்கினார். அவரை அன்போடு ‘அப்பரே’ என்று அழைத்தவரும் அச்சிறியவரே. வயதிலும் கல்வியிலும் மூத்த அருணந்தி சிவாசாரியார், குழந்தைப் பருவத்தவராகிய மெய்கண்டாரிடம் ஆணவமலத்தின் வடிவம் யாது என்று வினவ, கேட்டு நின்ற அவரையே மெய்கண்டார் சுட்டிக் காட்டினார். அந்தக் கணமே ஆசாரியார் அச்சிறுவரின் மாணவரானார்.

இளையவரிடம் செவிகொடுத்தல் சிறுமையன்று என்பதை இவை உணர்த்துகின்றன. மனேச்சர் மூன்றாம் வெள்ளியில் கற்றதும் இதையே. பிள்ளைக்கு அறிவுரை சொல்ல ஊரிலே பலர் உள்ளனர். பிள்ளை சொல்வதைக் கேட்க ஒருவரில்லை. பிள்ளைக்கு வழிகாட்டப் போனவர் பொறுமையையும், தன் வாயை அடக்குதலையும், பயன் கருதாமையையும் கற்றுக்கொண்டு திரும்புகின்றார். யாருடைய ஆன்மா அதிகம் பயன் பெற்றது என்று சொல்வது எளிதன்று.

கைக்கொள்ள வேண்டிய ஒழுங்குகள்

நல்ல நோக்கம் மட்டும் போதாது; ஒழுங்கும் வேண்டும். பிள்ளைகளுக்கு உதவுவதாகக் கூறித் தீங்கிழைப்போரும் உலகில் உள்ளமையால், இத்தொண்டு எப்பொழுதும் வெளிச்சத்திலேயே நடைபெறுதல் அவசியம். பெற்றோர் அல்லது பாதுகாவலரின் சம்மதம் முதலிற் பெறப்பட வேண்டும். சந்திப்பு ஆலய மண்டபம், வாசிகசாலை, அறநெறிப் பாடசாலை போன்ற பலர் நடமாடும் இடங்களில் அமைதல் நல்லது. பெண்பிள்ளைகளுக்குப் பெண்களே துணையாதல் பொருத்தம். இரகசியமாக வைத்திருக்குமாறு பிள்ளையிடம் எதனையும் கேட்கக் கூடாது. காசைக் கையிற் கொடுத்துப் பழக்குவதும் தவிர்க்கப்பட வேண்டும். தேவையெனின் தாயிடமோ பாடசாலையிடமோ கொடுக்கலாம். பிள்ளைக்கு எவராலும் கொடுமை நேர்வதாகத் தெரியவந்தால் அதனை மூடிவைத்தல் பெரும் பாவம். 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கு 1929 என்னும் தொலைபேசி இலக்கத்தின் மூலம் அறிவிக்கலாம்.

ஆலய பரிபாலன சபைகளும் இதிற் கவனம் செலுத்தலாம். ஈழத்துச் சைவ ஆலயங்களுக்கு இது புதிய வழியன்று. தெல்லிப்பழை துர்க்கை அம்மன் ஆலயத்தைச் சார்ந்து, ஆதரவற்ற பெண்பிள்ளைகளுக்காகத் துர்க்காபுரம் மகளிர் இல்லத்தை உருவாக்கி வளர்த்தவர் சிவத்தமிழ்ச் செல்வி தங்கம்மா அப்பாக்குட்டி (1925 – 2008). கோயிலுக்கு வரும் வருமானமும் பக்தியும் பிள்ளைகளின் வாழ்வாக மாறலாம் என்பதை அவர் செய்து காட்டினார். அத்தகைய பெரிய இல்லத்தை எல்லா ஊராலும் அமைக்க முடியாது. ஆனால் ஆண்டுதோறும் திருவிழாவுக்கு உபயகாரரைப் பதிவு செய்யும் ஒரு சபை, ஊரிலே துணை வேண்டி நிற்கும் பிள்ளைகள் எத்தனை பேர், ஓராண்டு வாரம் ஒரு மணி நேரம் கொடுக்கக்கூடிய பெரியவர்கள் எத்தனை பேர் என்று ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம். அதற்குப் பணம் தேவையில்லை. வெளிநாடுகளில் வாழும் அன்பர்கள் அனுப்பும் நிதி புத்தகத்தையும் சைக்கிளையும் வாங்கித் தரும். தேர்முட்டிப் படியில் வந்து இருப்பதற்கு ஊரிலுள்ளவர்களே வேண்டும்.

தேர் வடத்தை ஒருவர் தனித்து இழுப்பதில்லை. பலர் கைகொடுக்கும்போதே தேர் அசைகின்றது. தேர் ஓடும்போது சில்லுக்குக் கட்டை போடுபவரும் அருகே நடந்து வருகின்றார். வடம் பிடித்தவர்களைப் போல அவர் முன்னே தெரிவதில்லை. ஆனால் வீதி திரும்பும் இடத்தில், தேர் சரியாது நிற்பது அவரது கையினாலேயே. தேர் இருப்புக்கு வரும்வரை அவர் இடையில் விட்டுப் போவதில்லை. இளம்பிள்ளைக்கு வழித்துணையாக நிற்பவரின் பணியும் அத்தகையதே.

திருவதிகையில் அலகும் மெழுக்குமாகக் காத்திருந்த அம்மையாரின் பொறுமை ஒவ்வோர் ஊரிலும் ஒருவருக்கேனும் வாய்க்குமாயின், திரும்பி வரும் பிள்ளைகளுக்கு வந்து சேர ஓர் இடம் இருக்கும். அத்தகைய அடியார்களையும், அவர்களை நம்பி நிற்கும் இளம்பிள்ளைகளையும் ஆலயத்தில் எழுந்தருளியிருக்கும் எம்பெருமான் என்றும் காத்தருள்வாராக.